தோற்ற படையை மீட்ட தளபதி: வில்லியம் ஸ்லிம் குறித்து வாசகர் கேள்விகள்

இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் 14ஆம் படையை நடத்திய பிரிட்டிஷ் தளபதி வில்லியம் ஸ்லிமிடமிருந்து தலைமைப் பொறுப்பில் இருப்பவர்கள் எதைக் கற்கலாம் என்று வாசகர்கள் பலர் எழுதிக் கேட்டிருந்தார்கள். அவற்றில் சில கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் தரப்படுகிறது.

வென்ற தளபதிகளையே தலைமைப் பண்புக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். தோற்றுப் பின்வாங்கிய ஒருவரை ஏன் முன்னிறுத்த வேண்டும்? (கல்லூரி மாணவர் ஒருவர்)

அவர் தோற்றவர் என்பதுதான் முதல் காரணம். 1942 மார்ச் 8 அன்று ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. அதே மாதத்தில், பர்மாவில் எஞ்சியிருந்த படைகளைக் கொண்டு அமைக்கப்பட்ட 'பர்மா கோர்' என்ற அணியின் பொறுப்பு ஸ்லிமிடம் வந்தது. விமானத் துணை ஏறக்குறைய இல்லாமற்போய், கூடுதல் படைகளைக் கொண்டுவரத் துறைமுகமும் இல்லாத நிலையில், அவர் நடத்த முடிந்ததெல்லாம் பின்வாங்கல் ஒன்றுதான். யெனாங்யாங் எண்ணெய் வயல்களைத் தம் கையாலேயே அழித்துவிட்டு, ஏறத்தாழ 900 மைல் பின்வாங்கி, அந்த ஆண்டு மே மாதத்தில் அவருடைய படை இந்திய எல்லையை அடைந்தது. பர்மாவிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இந்தியாவுக்கு நடந்த லட்சக்கணக்கான நம் மக்கள் பட்ட பாடும் அதே மாதங்களில் நிகழ்ந்ததுதான். அந்த அகதிகளில் தமிழர் குடும்பங்களும் ஏராளம்.

இம்பாலை அடைந்த வீரர்களுக்கு ஒழுங்கான கூடாரம்கூடத் தரப்படவில்லை. மழைக்காலம் தொடங்கிவிட்டிருந்தது, மலைச்சரிவுகளில் நனைந்தபடி படுத்தார்கள். ஸ்லிம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு விடைபெறச் சென்றபோது, எலும்பும் தோலுமாக இருந்த அந்த மனிதர்கள் அவரை வாழ்த்தி ஆரவாரம் செய்தார்கள். தாம் வெற்றிக்கு அழைத்துச் சென்ற வீரர்கள் தம்மை வாழ்த்துவது மகிழ்ச்சி தரும், தாம் தோல்விக்கும் பேரழிவுக்கும் மட்டுமே அழைத்துச் சென்ற வீரர்கள் வாழ்த்துவதோ மனத்தை உருக்கித் தலைகுனியச் செய்யும் என்ற பொருள்பட அவர் பின்னாளில் எழுதினார்.

அதன்பின் அவர் செய்ததைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். படைபலம் போதவில்லை, விமானங்கள் இல்லை என்ற காரணங்கள் அனைத்தும் உண்மையானவை. அவற்றை அவரும் சொன்னார். அத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், தம்முடைய தலைமையையும் அதே தட்டில் வைத்து எடைபோட்டு, அதை உயர்வாக மதிப்பிட முடியாது என்று வெளிப்படையாக முடிவு சொன்னார். எதிரி எங்கே நம்மை விஞ்சினான், காட்டை அவன் பாதையாகப் பயன்படுத்தியபோது நாம் ஏன் அதைத் தடையாகக் கருதினோம், நோய் ஏன் நம்மை இப்படித் தின்றது என்று வரிசையாகக் கேட்டு, அந்த விடைகளிலிருந்தே புதிய படையைக் கட்டினார். 1943 அக்டோபரில் 14ஆம் படை உருவாகி, அவரே அதன் தளபதியானபோது, அந்தப் படையின் பயிற்சி முறையில் 1942இன் தோல்வி ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் இருந்தது.

நான் ஓர் ஆலையில் மேற்பார்வையாளர். பாதுகாப்பு விதிகளை எத்தனை முறை சொன்னாலும் தொழிலாளர்கள் பின்பற்றுவதில்லை. ராணுவத்தில் உத்தரவு போட்டால் போதும். எங்களுக்கு அந்த வசதி இல்லையே?

ராணுவத்திலும் உத்தரவு போட்டால் மட்டும் போதாது என்பதற்கு ஸ்லிமின் மலேரியா அனுபவமே சான்று. 1943இல் அவருடைய முனையில் காயம்பட்டுப் பின்னால் அனுப்பப்பட்ட ஒவ்வொருவருக்கும் 120 பேர் நோயால் அனுப்பப்பட்டுக் கொண்டிருந்தார்கள். மலேரியா மட்டுமே ஓர் ஆண்டில் படையின் மொத்த எண்ணிக்கையில் 84 விழுக்காடு அளவுக்குத் தாக்கியது. துப்பாக்கிச் சூடு தொடங்கும் முன்பே படை கரைந்துகொண்டிருந்தது என்று இதற்குப் பொருள்.

அவர் முதலில் சிகிச்சை முறையை மாற்றினார். காய்ச்சல் கண்டவரை வண்டியிலும் ரயிலிலும் கப்பலிலும் ஏற்றித் தொலைதூர மருத்துவமனைக்கு அனுப்பினால், அவர் திரும்பி வர மாதக்கணக்கில் ஆயிற்று. அதனால் போர்முனைக்குச் சில மைல் பின்னாலேயே மலேரியாச் சிகிச்சை முகாம்கள் அமைக்கப்பட்டன. நோயாளி சில வாரங்களில் தம் பிரிவுக்கே திரும்பினார். படுகாயம் பட்டவர்களை விமானத்தில் கொண்டுசெல்ல ஏற்பாடாயிற்று. மருத்துவ ஆய்வின் புதிய முடிவுகள் தாமதமின்றிக் களத்துக்கு வந்தன. ஆக, விதியைப் பின்பற்றச் சொல்வதற்கு முன், தலைமை தன் பங்கைச் செய்து முடித்தது.

அதன் பிறகுதான் கண்டிப்பு வந்தது. பொழுது சாய்வதற்குள் சட்டைக் கையை இறக்கிவிட வேண்டும், நீளக் கால்சட்டை அணிய வேண்டும், நாள்தோறும் மலேரியாவைத் தடுக்கும் மெபாக்ரின் மாத்திரை விழுங்க வேண்டும் என்பவை விதிகள். அந்த மஞ்சள் மாத்திரை ஆண்மையைக் கெடுக்கும் என்ற வதந்தி பரவியிருந்ததால், பலர் அதை வாயில் போட்டுக்கொள்வதுபோல் காட்டித் துப்பிவிட்டார்கள். ஸ்லிம் துப்பியவர்களைத் தேடிப்போகவில்லை. முன்னறிவிப்பில்லாமல் ஒரு பிரிவு முழுவதையும் சோதிக்கச் செய்தார். மாத்திரை உட்கொண்டவர்கள் 95 விழுக்காட்டுக்குக் குறைந்தால், அந்தப் பிரிவின் தலைமை அதிகாரியைப் பதவியிலிருந்து நீக்கினார். அப்படி நீக்க நேர்ந்தவர்கள் மூவர் மட்டுமே, மற்றவர்கள் புரிந்துகொண்டார்கள். 1945இல் நோயுற்றோர் அளவு நாளொன்றுக்கு ஆயிரத்துக்கு ஒருவர் என்று இறங்கியது. நோயை எதிர்க்கும் போரில் பாதிக்கு மேல் மருத்துவர் கையில் இல்லை, பிரிவு அதிகாரிகள் கையில்தான் இருக்கிறது என்பது அவருடைய உறுதியான கருத்து.

உங்கள் ஆலைக்கு இதில் பொருந்துவது எது என்று கேட்டால், விதி மீறப்படும்போது கணக்குக் கேட்கப்படுபவர் யார் என்பதை முதலில் பாருங்கள் என்பேன். கடைசித் தொழிலாளிக்கு அபராதமும் பிரிவுத் தலைவருக்குப் பாராட்டும் போகிற இடத்தில் எந்த விதியும் நிலைக்காது. மேற்பார்வையாளர் என்ற முறையில் அந்தக் கணக்கு முதலில் உங்களிடமே கேட்கப்படும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஸ்லிம் சிறந்த பேச்சாளரா?

மேடைப் பேச்சாளர் என்று சொல்ல முடியாது. இரும்புச் சாமான் வணிகரின் மகன் அவர். முதல் உலகப் போருக்கு முன் தொடக்கப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தும், உலோகக் குழாய் நிறுவனம் ஒன்றில் எழுத்தராகவும் பிழைத்தவர். ஆனால் வீரர்களிடம் நேரில் போய்ப் பேசினார். ஜீப்பின் முன்புறத்தில் ஏறி நின்று, ஆங்கிலத்திலும் உருதுவிலும் கூர்க்காக்களின் மொழியிலும் பேசுவார். சொல்வது என்னவென்று தெரிந்திருக்க வேண்டும், அதைத் தானே நம்ப வேண்டும், இவை இரண்டு மட்டுமே தேவை என்பது அவர் கண்ட அனுபவம். பேச்சின் பெரும்பகுதி சாப்பாடு, சம்பளம், விடுப்பு, கடிதம், போரின் போக்கு ஆகியவற்றைப் பற்றியே இருக்கும். உயர்ந்த நோக்கம் பற்றிய பேச்சைக் கடைசியில்தான் எடுப்பார். முன்னணிப் பிரிவுகளுக்கு அரை ரேஷன் என்ற நிலை வந்தபோதெல்லாம் தம் தலைமையகத்துக்கும் அரை ரேஷன் என்று ஆக்கினார். அதனால் மிச்சமான உணவு சொற்பம்தான் என்று அவரே ஒப்புக்கொள்கிறார்; ஆனால் பசியோடு வேலை பார்த்த இளம் அதிகாரிகள் முன்னணிக்கு முழு ரேஷன் போய்ச்சேரும் வழியை விரைந்து தேடினார்கள்.

தொடர்ந்து தோல்வி கண்டு மனம் சோர்ந்துவிட்ட குழுவை எப்படி மீட்பது?

1943இல் ஜப்பானிய வீரனைக் காட்டில் வெல்லவே முடியாது என்ற எண்ணம் படையில் ஊறிப்போயிருந்தது. உரைகளால் அதைப் போக்க ஸ்லிம் முயலவில்லை. முதலில் சிறு ரோந்துக் குழுக்களைக் காட்டுக்குள் அனுப்பினார். அவை எதிரியைக் கண்டு, தாக்கி, திரும்பி வந்து, கண்ட கதையைச் சொல்லச் சொல்ல, அச்சம் சிறிது சிறிதாகக் குறைந்தது. அடுத்து, எதிரியின் ஒரு கம்பெனி (நூறு, இருநூறு பேர்) இருக்கும் நிலையைத் தாக்க ஒரு பிரிகேடையே (சில ஆயிரம் பேர்) பீரங்கி, விமானத் துணையோடு அனுப்பினார். சில பத்துப் பேர் கொண்ட ஒரு பிளட்டூனை எதிர்க்க, பல நூறு பேர் கொண்ட முழு பட்டாலியனை அனுப்பினார். இது வீண் ஆடம்பரம் என்று குறை சொன்னவர்கள் உண்டு. ஆனால், தோல்வியையே பார்த்துப் பழகிய படைக்கு முதல் சில மோதல்களில் தோல்வி என்ற பேச்சுக்கே இடம் வைக்கக்கூடாது என்று அவர் கருதினார். நம்மிடையே இதற்கு நேர்மாறாக நடப்பதையே அதிகம் பார்க்கிறோம்: சோர்ந்த குழுவிடம் மிகக் கடினமான வேலையைக் கொடுத்து, அதில் வென்று காட்டினால் தெம்பு வந்துவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள். அது பெரும்பாலும் மூன்றாவது தோல்வியில் போய் முடிகிறது.

போதிய வளம் இல்லாதபோது தலைவர் என்ன செய்ய முடியும்?

ஐரோப்பிய முனைக்குப் போனதுபோக மிஞ்சியதுதான் பர்மாவுக்கு வந்தது. 14ஆம் படைக்கே 'மறக்கப்பட்ட படை' என்ற பெயர் இருந்தது. சாலை இல்லாத காட்டில் விமானத்திலிருந்து பொருள்களைப் பாராசூட் மூலம் இறக்க வேண்டும், ஆனால் பாராசூட் துணி கிடைக்காது. கல்கத்தாவில் சணல் ஆலைகள் இருந்தன. ஸ்லிம் அந்த ஆலைக்காரர்களிடமே நேராகப் பேசி, சணலால் பாராசூட் செய்ய முடியுமா என்று கேட்டார். பல வடிவங்களைச் சோதித்துப் பார்த்தபின், காற்று ஓரளவு ஊடுருவும்படி நெய்த சணல் பாராசூட் ஒன்று உருவாயிற்று. வழக்கமான பாராசூட்டின் திறனில் சுமார் 85 விழுக்காடு அதற்கு இருந்தது. விலையோ 20 பவுண்டுக்கு மேல் ஆன இடத்தில் ஒரு பவுண்டுக்குச் சற்றே கூடுதல். மனிதர்கள் குதிக்க அது உதவாது. அரிசி மூட்டைக்கும் தோட்டாப் பெட்டிக்கும் அது போதும். உரிய அலுவலக வழிமுறையில் கொள்முதல் செய்யவில்லை என்று பின்னர் அவருக்குக் கண்டனக் கடிதம் வந்தது.

பணியைப் பிறரிடம் ஒப்படைக்கத் தெரிய வேண்டும் என்கிறார்கள். எதை ஒப்படைப்பது, எதைக் கையில் வைத்துக்கொள்வது?

போர் உத்தரவுகளைத் தாம் ஒருபோதும் எழுதியதில்லை, அதைத் தம்மைவிடச் சிறப்பாக எழுதக்கூடியவர்கள் எப்போதும் இருந்தார்கள் என்கிறார் ஸ்லிம். ஆனால் அந்த உத்தரவில் நோக்கம் என்ன என்று சொல்லும் பகுதியை மட்டும் தாமே எழுதினார். அது பொதுவாக மிகச் சிறிய பகுதி. ஆனால் தகவல் தொடர்பு அறுந்த காட்டில் தனியே நிற்கும் அதிகாரி, அந்தச் சில வரிகளை வைத்துக்கொண்டுதான் அடுத்து என்ன செய்வது என்று முடிவு செய்வார்.

இதே விஷயத்தில் அவர் தவறியதும் உண்டு. 1944 மார்ச்சில் ஜப்பானியர் இம்பாலை நோக்கி வருவார்கள் என்று எதிர்பார்த்து, பர்மாவின் திட்டிம் பகுதியில் முன்னே நின்ற 17ஆவது இந்திய டிவிஷனைப் பின்னுக்கு அழைத்து, சமவெளியில் வைத்துப் போரிடுவது திட்டம். எப்போது பின்வாங்குவது என்ற முடிவை அவர் கீழுள்ள தளபதிகளிடம் விட்டுவிட்டார். உத்தரவு தாமதமாகப் போனது. அதற்குள் எதிரி பின்னால் சாலையை மறித்துவிட்டான். அந்த டிவிஷனை மீட்க, கையிருப்பில் வைத்திருந்த படைகளைச் செலவழிக்க வேண்டியதாயிற்று. அந்த உத்தரவைத் தாமே பிறப்பித்திருக்க வேண்டும் என்று ஸ்லிம் பின்னர் எழுதினார். மொத்தத் திட்டமும் எந்த ஒரு முடிவின்மேல் நிற்கிறதோ, அந்த முடிவை ஒப்படைக்க முடியாது என்பதே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது.

தலைவர் தம் தவற்றை ஒப்புக்கொண்டால் கீழே இருப்பவர்கள் மதிப்பார்களா? முப்பது ஆண்டு பள்ளி நிர்வாகத்தில் இருந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் ஐயம் உண்டு.

ஐயா, உங்கள் ஐயத்துக்கு, 1944இல் ஜப்பானியர் இந்தியாவுக்குள் படையெடுத்தபோது நடந்த இம்பால், கோஹிமாப் போரின் இரு தரப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே சரியான பதிலாக இருக்கும்.

கோஹிமாவுக்கு ஜப்பானியர் ஒரு ரெஜிமென்ட்டைத்தான் (ஒரு டிவிஷனின் ஒரு பகுதி) அனுப்ப முடியும் என்று ஸ்லிம் கணக்கிட்டிருந்தார். அந்த மலைக்காட்டுக்குள் அதற்கு மேல் ஒரு படை வர இயலாது என்று நம்பினார். வந்தது ஜப்பானியத் தளபதி சாட்டோவின் 31ஆவது டிவிஷன், ஏறத்தாழ முழுமையாக. கோஹிமாவில் காவலுக்கு இருந்தவர்கள் மிகச் சிலர். தம் கணிப்புப் பிழைத்துவிட்டது என்று தெரிந்த நாள்களில் ஸ்லிம் கணிப்பை நியாயப்படுத்திக்கொண்டு உட்காரவில்லை. பர்மாவின் கடலோரப் பகுதியான அரக்கானில் போரிட்டுக்கொண்டிருந்த 5ஆவது இந்திய டிவிஷனை, துப்பாக்கி, பீரங்கி, கோவேறு கழுதைகள் சகிதம் விமானத்தில் ஏற்றி இம்பாலுக்கும் திமாப்பூருக்கும் இறக்கச் செய்தார். கோஹிமாக் காவற்படை வாரக்கணக்கில் தாக்குப்பிடித்தது. தம் பிழையின் விலையை அந்த வீரர்களின் துணிவுதான் கொடுத்தது என்பதை ஸ்லிம் மறைக்கவே இல்லை.

எதிர்ப்பக்கத்தில், இந்தப் படையெடுப்பை நடத்திய ஜப்பானியத் தளபதி முத்தகுச்சி. சுமார் 85,000 பேர் கொண்ட படையைச் சில வார உணவோடு மலைகளுக்குள் அனுப்பினார். இம்பாலைப் பிடித்து அங்கிருக்கும் கிடங்குகளிலிருந்து சாப்பிட்டுக்கொள்ளலாம் என்பது திட்டம். இம்பால் விழவில்லை. அரிசியும் தோட்டாவும் வராமல் சாட்டோ தம் டிவிஷனை உத்தரவின்றியே பின்வாங்கச் செய்தார். முத்தகுச்சி தம் கீழிருந்த மூன்று டிவிஷன் தளபதிகளையும் பதவி நீக்கினார். 1944 ஜூன் தொடக்கத்தில் அவருடைய மேலதிகாரி கவாபே நேரில் வந்தார். படையெடுப்பு தோற்றுவிட்டது என்பது இருவருக்கும் தெரியும். நிறுத்திவிடலாம் என்ற சொல் தம் தொண்டைவரை வந்தது, வெளியே வரவில்லை, தம் முகத்தைப் பார்த்து கவாபே புரிந்துகொள்வார் என்று எதிர்பார்த்ததாக முத்தகுச்சி பின்னர் கூறினார். கவாபேயும் கேட்கவில்லை. நிறுத்தச் சொல்லும் உத்தரவு ஜூலையில்தான் வந்தது. இடைப்பட்ட அந்த வாரங்களில் மழையிலும் பசியிலும் நோயிலும் மனிதர்கள் பாதையோரங்களில் செத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் படையெடுப்பில் 30,000க்கும் மேற்பட்ட ஜப்பானியர் இறந்தார்கள்.

ஜப்பானியத் தளபதிகளின் அடிப்படைக் குறை உடல் துணிவில் இல்லை, தாங்கள் தவறிவிட்டோம், திட்டத்தை மாற்ற வேண்டும் என்று ஒப்புக்கொள்ளும் மனத் துணிவில்தான் என்று ஸ்லிம் கருதினார். அவருக்கே அந்தத் துணிவு எளிதில் வந்துவிடவில்லை. 1940 நவம்பரில், சூடான் எல்லையில் கல்லாபாத்தைத் தாக்கியபோது, தொடர்ந்து முன்னேறுவதா பின்வாங்குவதா என்ற நிலையில் அச்சத்தின் பேச்சைக் கேட்டுவிட்டதாகப் பின்னாளில் அவரே தம்மைக் கடிந்துகொண்டார். அதைச் சொல்ல அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

1944 டிசம்பரில் இதன் பயன் தெரிந்தது. ஐராவதி ஆற்றுக்கு இப்புறம், ஷ்வெபோ சமவெளியில் ஜப்பானியர் நின்று போரிடுவார்கள் என்ற அடிப்படையில் அவர் பெரும் திட்டம் ஒன்றைத் தீட்டியிருந்தார். புதிய ஜப்பானியத் தளபதி கிமுரா அங்கே நிற்காமல் ஆற்றுக்கு அப்பால் போய்விட்டார். ஸ்லிம் சில நாள்களில் திட்டத்தை அடியோடு மாற்றினார். ஒரு கோர் (பல டிவிஷன்கள் கொண்ட அணி) வடக்கே மாண்டலேயை நோக்கி ஆரவாரமாகப் போக, இன்னொரு கோர் கங்காவ் பள்ளத்தாக்கு வழியே மறைவாகத் தெற்கே இறங்கியது. அந்த இரண்டாம் கோர் பழைய இடத்திலேயே இருக்கிறது என்று எதிரி நம்பும்படி, தமுவில் போலித் தலைமையகம் ஒன்று தொடர்ந்து வானொலிச் செய்திகளை அனுப்பிக்கொண்டிருந்தது. 1945 பிப்ரவரியில் ஆற்றைக் கடந்து, மார்ச் முதல் வாரத்தில் ஜப்பானியரின் கிடங்கு நகரமான மெய்க்டிலாவைப் பிடித்தார்கள். மார்ச் 20இல் மாண்டலே வந்தது. மே தொடக்கத்தில் ரங்கூன். முதல் கணிப்புப் பிழை என்று சில நாள்களில் சொல்லத் தெரிந்த தலைமையகம் ஒன்று இருந்ததால்தான் இது நடந்தது. மதிப்புப் போய்விடுமே என்ற உங்கள் கவலைக்கு ஒரு செய்தி: அந்த வீரர்கள் அவரை 'பில் மாமா' என்றுதான் அழைத்தார்கள்.

நேதாஜியின் படையை எதிர்த்துப் போரிட்டவரிடமிருந்து நாம் பாடம் கற்க வேண்டுமா?

இந்தக் கேள்வியில் உள்ள வேதனையை மதிக்கிறேன். இந்திய தேசிய ராணுவத்தில் மலேயாத் தோட்டங்களிலிருந்து சேர்ந்த தமிழர்கள் ஏராளம். 14ஆம் படையின் பெரும்பகுதியும் இந்தியர்களே. மதராஸ் சாப்பர்ஸ் பிரிவினர் பர்மாவில் பாலங்களையும் பாதைகளையும் அமைத்தார்கள். 1945 பிப்ரவரியில் ஐராவதியின் நியாங்கூ துறையில் ஒரு கரையில் இந்தியர்களும் எதிர்க்கரையில் இந்திய தேசிய ராணுவத்தைச் சேர்ந்த, தில்லான் தலைமையிலான நேரு பிரிகேடும் நின்றார்கள். ஸ்லிம் பேரரசின் அதிகாரி. இந்திய தேசிய ராணுவத்தின் நோக்கத்தை அவர் புரிந்துகொண்டதாக அவர் எழுத்தில் தெரியவில்லை, அதன் போர்த்திறனையும் குறைவாகவே மதிப்பிட்டார். அதை ஏற்க வேண்டியதில்லை. ஆனால் சரணடைய வந்த அவர்களைத் தம் தரப்பு இந்திய, கூர்க்கா வீரர்கள் சில வேளைகளில் ஏற்க மறுத்தபோது, அவர்களைக் கனிவோடு ஏற்க வேண்டும் என்று உத்தரவு போக வேண்டியிருந்ததையும் அவரே பதிவு செய்திருக்கிறார். அவர் காத்த ஆட்சியை நிராகரிப்பவர்களும், நோயாளிப் படை ஒன்றை அவர் எப்படி நிமிர்த்தினார் என்பதைப் படிக்கலாம் என்றே நினைக்கிறேன்.

வென்றபின் அவரைப் பதவியிலிருந்து நீக்கப் பார்த்தார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். ரங்கூன் மீண்டு சில நாள்களுக்குள், 1945 மே மாதத்தில், அவருடைய மேலதிகாரி ஆலிவர் லீஸ் அவரை 14ஆம் படையிலிருந்து மாற்றி, பர்மாவில் எஞ்சிய வேலையைப் பார்க்கச் சொன்னார். ஸ்லிம் அதை ஏற்காமல், ஓய்வு பெறுவதாகச் சொன்னார். படைக்குள் கொந்தளிப்பு எழுந்தது. மேலிடம் முடிவைத் திரும்பப் பெற்றது. பதவி இழந்தவர் லீஸ்தான். அந்த ஆண்டு ஆகஸ்டில் அவர் இடத்துக்கு ஸ்லிமே வந்தார். 1948இல் பிரிட்டிஷ் ராணுவத்தின் உச்சப் பொறுப்பையும், 1953 முதல் 1960 வரை ஆஸ்திரேலியாவின் கவர்னர் ஜெனரல் பதவியையும் வகித்து, 1970 டிசம்பரில் லண்டனில் காலமானார்.